நான்கு குவியல் புளியங்கொட்டை

மழைக்காலம். வங்காளத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். வயல் எல்லாம் தண்ணீர். எலி வளைகளிலும் தண்ணீர் புகுந்துவிட்டது. எலிகள் மேட்டைத் தேடி வருகின்றன. எலிகளைத் தேடிப் பாம்புகள் வருகின்றன. அந்த ஊரில் மேடு என்றால் வீடுதான்.

பொழுது சாயும் நேரம். வைக்கோல் எடுக்கப் போன ஒரு பையனின் காலில் சுருக்கென்றது. ஏதோ நெளிந்து ஓடியது. பையன் அலறினான். அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். எங்கே? ஓஜாவின் வீட்டுக்கு.

ஓஜா என்றால் விஷம் இறக்குகிறவர். தமிழ்நாட்டில் மந்திரவாதி என்பார்கள். விஷக்கடிக்குப் பாடம் போடுகிறவர் என்றும் சொல்வார்கள்.

ஓஜா மந்திரம் சொன்னார். இலையால் தடவினார். காலில் கயிறு கட்டினார். இரவு முழுவதும் ஊரே அங்கு உட்கார்ந்திருந்தது. விடிந்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான். "பசிக்கிறது" என்றான்.

"இதோடு நூறு பேர். நூறு பேரைக் காப்பாற்றிவிட்டேன்" என்றார் ஓஜா.

அடுத்த ஆண்டு. அதே மழைக்காலம். ஒரு சிறுமி தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். நடு இரவில் எழுந்தாள். "வயிறு வலிக்கிறது" என்றாள். வாந்தி எடுத்தாள். உடம்பில் கடித்த தடம் எதுவும் கண்ணில் படவில்லை. சாப்பாடு சேரவில்லை என்று அம்மா நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் சிறுமியின் கண் இமைகள் தொங்கின. பேச்சு குழறியது. அப்போதுதான் ஒரு பாட்டிக்குச் சந்தேகம் வந்தது. ஓஜாவிடம் தூக்கிப் போனார்கள். அதே மந்திரம். அதே இலை. அதே கயிறு. விடியும் முன் சிறுமிக்கு மூச்சு நின்றுவிட்டது.

"நேரம் கழித்துக் கொண்டுவந்தீர்கள். என்னால் என்ன செய்ய முடியும்?" என்றார் ஓஜா.

ஊரில் எந்தக் கதையைப் பேசுகிறார்கள்? பையன் பிழைத்த கதையைத்தான். அவன் தெருவில் நடக்கிறான். பார்க்கிறவர்களுக்கு ஓஜாவின் நினைவு வருகிறது. சிறுமி நடக்கவில்லை. அவளைப் பற்றிப் பேசினால் அவள் அம்மா அழுவாள். அதனால் யாரும் பேசுவதில்லை.

எழுத்தறிவு மையத்தில் ஒரு மாலை

அந்த ஊரில் ஓர் எழுத்தறிவு மையம். சொல்லித் தருகிறவர் ஓர் இளம்பெண். எல்லோரும் அவரைத் திதி என்று அழைத்தார்கள். வங்காளத்தில் அக்காவைத் திதி என்பார்கள். படிக்க வருகிறவர்களில் அந்தச் சிறுமியின் அம்மாவும் ஒருத்தி. ஒரு பெரியவரும் வருவார். அவருக்கு ஓஜா மேல் நல்ல மதிப்பு.

அன்று கணக்குப் பாடம். திதி ஒரு பை நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்திருந்தார்.

"ஓஜா நூறு பேரைக் காப்பாற்றினார். அது பெரிய கணக்குத்தானே?" என்று பெரியவர் கேட்டார்.

"பெரிய கணக்குத்தான் காகா. ஆனால் அது பாதிக் கணக்கு. பாதிகூட இல்லை. கால் கணக்கு" என்றார் திதி. காகா என்றால் சித்தப்பா.

திதி தரையில் சுண்ணாம்புக் கட்டியால் நான்கு கட்டம் போட்டார்.

முதல் கட்டம்: மந்திரித்தார்கள், பிழைத்தார்கள்.
இரண்டாம் கட்டம்: மந்திரித்தார்கள், இறந்தார்கள்.
மூன்றாம் கட்டம்: மந்திரிக்கவில்லை, பிழைத்தார்கள்.
நான்காம் கட்டம்: மந்திரிக்கவில்லை, இறந்தார்கள்.

"ஓஜா சொல்லும் நூறு பேர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள்?"

"முதல் கட்டத்தில்" என்றார்கள்.

"மற்ற மூன்றும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மூன்று கட்டங்களையும் யாரும் எண்ணிப் பார்த்ததே இல்லை.

திதி கொட்டைகளை எண்ணி வைத்தார். "பாம்பு கடித்தவர்கள் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். 10 பேர் ஓஜாவிடம் போனார்கள். 8 பேர் பிழைத்தார்கள். 2 பேர் இறந்தார்கள். மீதி 10 பேர் எங்கும் போகவில்லை. வீட்டிலேயே கிடந்தார்கள். அவர்களிலும் 8 பேர் பிழைத்தார்கள். 2 பேர் இறந்தார்கள். இப்போது சொல்லுங்கள். மந்திரம் எத்தனை பேரைக் காப்பாற்றியது?"

பெரியவர் குனிந்து கொட்டைகளைப் பார்த்தார். இந்தப் பக்கம் 8, 2. அந்தப் பக்கமும் 8, 2.

"ஒருவரையும் காப்பாற்றவில்லை" என்றார் மெதுவாக. பிறகு தலையை நிமிர்த்தினார். "ஆனால் நீ உன் இஷ்டத்துக்கு எண் வைத்தாய், அம்மா. பாம்பு கடித்தால் சும்மா இருந்து எவனாவது பிழைப்பானா?"

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் மேலே போகக் கூடாது.

சும்மா இருந்தும் பிழைப்பார்கள்

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட வகைப் பாம்புகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மனிதனைக் கொல்லும் விஷம் இல்லை. சாரைப்பாம்பு கடித்தால் ரத்தம் வரும், பயம் வரும். உயிர் போகாது. தண்ணீர்ப்பாம்பும் அப்படித்தான்.

நம் நாட்டில் மிகுதியான சாவுக்குக் காரணம் நான்கு பாம்புகள். நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஆனால் இவை கடித்தாலும் ஒவ்வொரு முறையும் விஷம் இறங்குவதில்லை. பாம்புக்கு விஷம் என்பது இரை பிடிக்கும் கருவி. மனிதன் அதற்கு இரை இல்லை. பல நேரம் பயமுறுத்த மட்டும் கடிக்கிறது. பல் பதியும், விஷம் இறங்காது.

ஆகவே கடிபட்டவர்களில் பலர் மந்திரித்தாலும் பிழைப்பார்கள். மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். வைக்கோல் எடுக்கப் போன பையனைக் கடித்தது எந்தப் பாம்பு? யாருக்கும் தெரியாது. இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

சிறுமியின் கதை வேறு. கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். அதன் பல் மிகச் சிறியது. வலி தெரியாது, வீக்கம் இருக்காது. கடித்ததே தெரியாமல் போகலாம். வயிற்றுவலி வரும். பிறகு இமை தொங்கும். கடைசியில் மூச்சு விடும் தசைகள் செயல் இழக்கும். அங்கே மந்திரத்துக்கு உண்மையான சோதனை வந்தது.

"ஓஜா பொய் சொல்கிறவர் இல்லை. காசுகூட வாங்குவதில்லை" என்றார் பெரியவர்.

இருக்கலாம். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். தூக்கம் விழித்து ஊருக்கு உழைக்கிறார். ஆனால் அவரும் முதல் கட்டத்தை மட்டும்தான் பார்க்கிறார். மற்றவர்களை ஏமாற்றும் முன் அந்தக் கட்டம் அவரையே ஏமாற்றிவிட்டது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பையன் பிழைத்தான். அது மந்திரத்தின் பலம். சிறுமி இறந்தாள். அது நேரத்தின் குற்றம். இன்னொருவர் இறந்தால் விதி. வேறொருவர் இறந்தால், கூப்பிட வந்தவன் சகுனம் பார்க்காமல் வந்தான். மந்திரம் ஒரு நாளும் தோற்பதில்லை. என்ன நடந்தால் மந்திரம் தோற்றது என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. தோற்கவே முடியாத ஆட்டத்தில் ஒருவர் ஜெயித்தார் என்பதற்கு என்ன அர்த்தம்?

கல்கத்தாவில் எண்ணிய எண்

நான்கு கட்டத்தையும் எண்ணிப் பார்த்த ஒருவரின் கதை இருக்கிறது. அது அந்த ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது. கல்கத்தா நகரத்தில், 1894-ஆம் ஆண்டில்.

அவர் பெயர் ஹாஃப்கின். 1860-இல் கருங்கடல் ஓரத்தில் ஒடெசா நகரத்தில் பிறந்தவர். பாரிஸ் நகரத்தில் காலராவுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்தார். 1892-இல் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு இந்தியா வந்தார். அப்போது காலரா இங்கே ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலம். வட இந்தியாவில் பல ஆயிரம் பேருக்கு ஊசி போட்டார்.

பல ஆயிரம் என்பது ஓஜாவின் நூறைவிடப் பெரிய எண். ஆனால் அதுவும் ஒரு கட்டம்தான். ஊசி போட்டவருக்குக் காலரா வரவில்லை என்றால் ஊசியால் வரவில்லையா, அல்லது காலராவே அந்தப் பக்கம் வரவில்லையா? எப்படித் தெரியும்?

1894 மார்ச் மாதம். கல்கத்தாவில் காட்டால் பாகான் என்ற குடிசைப் பகுதி. பெயருக்குப் பலாத்தோட்டம் என்று பொருள். அங்கே காலரா வந்தது. சுமார் 200 பேர் அங்கு வாழ்ந்தார்கள். ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி வறுமை, ஒரே தண்ணீர். ஹாஃப்கினும் நகரத்தின் சுகாதார அதிகாரி சிம்ப்சனும் அங்கே போனார்கள். 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் போட்டுக்கொள்ளவில்லை.

அதன்பிறகு அங்கே 10 பேருக்குக் காலரா வந்தது. 7 பேர் இறந்தார்கள். அந்த 10 பேரில் ஒருவர்கூட ஊசி போட்டவர் இல்லை.

திதி மறுபடியும் கொட்டைகளை எண்ணச் சொன்னார். ஊசி போட்டவர் பக்கம்: வராதவர் 116, வந்தவர் 0. போடாதவர் பக்கம்: வராதவர் 74 பேர் அளவில், வந்தவர் 10. எண்ணி முடிக்க நேரம் ஆயிற்று. ஆனால் அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்ததும் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

ஆனாலும் ஒரு குடிசைப் பகுதி போதுமா? ஊசி போட்டுக்கொண்டவர்கள் கொஞ்சம் திடமானவர்களாக இருந்திருக்கலாம். அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அதனால் கல்கத்தாவின் மற்றப் பகுதிகளிலும் இதே போல் போட்டு, இதே போல் எண்ணினார்கள். அப்போது குறையும் தெரிந்தது. ஊசி போட்ட முதல் சில நாட்களில் பலன் இல்லை. காலம் போகப் போகப் பலன் குறைகிறது. இதையும் அவர்களே எழுதி வைத்தார்கள்.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய். ஹாஃப்கின் அதற்கும் தடுப்பூசி செய்தார். மறுபடியும் முதல் ஊசி தனக்கே. பிறகு பைகுல்லா சிறையில் பிளேக் நுழைந்தபோது, முன்வந்த கைதிகளுக்குப் போட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர் போட்டுக்கொண்டார்கள். போடாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்தது, 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் 2 பேருக்கு வந்தது, யாரும் இறக்கவில்லை. சிறைக்கைதி சரி என்று சொல்வது உண்மையான சம்மதமா என்று இன்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சிறை என்பதால் ஒன்று நடந்தது. எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே சுவர், ஒரே எலி. வேறுபாடு ஊசி மட்டும்தான்.

ஹாஃப்கினின் வாழ்க்கையில் பெரிய துயரமும் நடந்தது. 1902-இல் பஞ்சாபில் மல்கோவால் என்ற ஊரில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போட்டார்கள். 19 பேர் இறந்தார்கள். பிளேக்கால் அல்ல, வில்வாத ஜன்னியால். அரசு ஹாஃப்கினை வேலையிலிருந்து நிறுத்தியது. அப்போதும் வழக்கைத் தீர்த்தது எண்ணிக்கைதான். இறந்த 19 பேருக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து போனது. மற்றப் புட்டிகளிலிருந்து போட்டுக்கொண்ட 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆய்வுக்கூடத்தில் அழுக்குச் சேர்ந்திருந்தால் ஒரு புட்டியோடு நின்றிருக்குமா? ஊசி போட்ட இடத்தில், புட்டியைத் திறக்கும் இடுக்கி தரையில் விழுந்தது. அதைக் கொதிக்க வைக்காமல் பயன்படுத்தினார்கள் என்று தெரிந்தது. 1907-இல் ஹாஃப்கின் குற்றமற்றவர் என்று முடிவானது. ஐந்து ஆண்டு அவமானம். 19 உயிரும் திரும்பவில்லை. ஆனால் யாரும் விதி என்று சொல்லி மூடவில்லை. புட்டி வரைக்கும் தேடிப் போனார்கள். பம்பாயில் அவர் தொடங்கிய ஆய்வுக்கூடத்துக்கு 1925-இல் அவர் பெயரையே வைத்தார்கள்.

குதிரை கொடுக்கும் மருந்து

அந்த ஆய்வுக்கூடம் மறுபடியும் நம்மைப் பாம்பிடம் கொண்டுவருகிறது.

1890-களில் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் பாம்பு விஷத்துக்கு முறிவு கண்டார். விஷத்தை மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். அளவை மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். குதிரை சாவதில்லை. அதன் ரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் பொருள் உண்டாகிறது. அதைப் பிரித்து எடுத்தால் அதுவே மருந்து.

கால்மெட் பெரிய மனிதர். என் மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று சொன்னார். பெரியவர் சொன்னார் என்று விட்டுவிட்டார்களா? இல்லை. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் என்பவர் சோதித்தார். பம்பாயில் அதே ஆய்வுக்கூடத்தில் லாம்ப் என்பவர் சோதித்தார். நாகப்பாம்பு விஷத்துக்குச் செய்த மருந்து கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கவில்லை. ஆகவே கால்மெட் சொன்னது தவறு. கண்டுபிடித்தவரே சொன்னாலும் தவறு தவறுதான்.

அதனால்தான் இன்று நம் நாட்டு மருந்தில் நான்கு பாம்புக்கும் எதிர்ப்பொருள் சேர்ந்திருக்கிறது. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நெடுங்காலமாகத் தமிழ்நாட்டிலிருந்து போகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பரம்பரை பரம்பரையாக வந்த அறிவு அது. அந்த இருளர்களில் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த மருந்துக்கும் எல்லை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் ஒரு சிறிய குழிவிரியனின் விஷத்துக்கு இது கேட்பதில்லை. சிலருக்கு மருந்தே ஒவ்வாமல் தடிப்பும் மூச்சுத் திணறலும் வரும். இதை எல்லாம் மருத்துவர்களே சொல்கிறார்கள்.

இன்னும் ஒன்று. பாம்பு கடித்து வந்த எல்லோருக்கும் நல்ல மருத்துவர் இந்த ஊசியைப் போடுவதில்லை. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார். அசைக்காமல் 20 நிமிடம் வைக்கிறார். பிறகு சாய்த்துப் பார்க்கிறார். ரத்தம் உறைந்திருந்தால் நல்லது. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. இதைப் பக்கத்தில் நிற்கும் யாரும் பார்க்கலாம். இமை தொங்குகிறதா, வீக்கம் ஏறுகிறதா என்றும் ஒரு நாள் முழுவதும் கவனிக்கிறார். ஒன்றும் இல்லை என்றால், "உங்களுக்கு விஷம் ஏறவில்லை, நான் மருந்து கொடுக்கவில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்.

எந்த ஓஜாவாவது இப்படிச் சொன்னது உண்டா? "நான் ஒன்றும் செய்யவில்லை, நீயாகவே பிழைத்தாய்" என்று?

"ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் சாகிறார்களே!" என்றார் பெரியவர். "எனக்குத் தெரிந்து மூன்று பேர்."

"எப்போது போனார்கள் காகா?"

பெரியவர் யோசித்தார். மூன்று பேரும் முதலில் ஓஜாவிடம் போனவர்கள். முடியாமல் போனபிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லேசாகக் கடிபட்டவர் எல்லாம் ஓஜாவின் கணக்கில் பிழைத்தார்கள். விஷம் தலைக்கு ஏறியவர் எல்லாம் ஆஸ்பத்திரிக் கணக்கில் இறந்தார்கள். நான்கு கட்டம் போட்டாலும் இங்கே ஏமாந்து போவோம். ஒரே மாதிரி ஆட்களை ஒப்பிட்டால்தான் கணக்கு சரியாக வரும். ஹாஃப்கின் ஒரே குடிசைப் பகுதிக்குள் எண்ணியதற்குக் காரணம் இதுதான்.

எண்ணப்படாதவர்கள்

2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2020-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர். கால் பங்குக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். இந்த எண் மருத்துவமனைப் பதிவேட்டில் கிடைக்கவில்லை. பதிவேட்டில் இருந்தது மிகவும் குறைவு. வீடு வீடாகப் போய், "உங்கள் வீட்டில் யார் இறந்தார்கள், எப்படி இறந்தார்கள்?" என்று கேட்டுச் சேர்த்த எண் இது. பாம்புக்கடியால் இறந்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் மருத்துவமனைக்கு வெளியேதான் இறந்தார்கள் என்று அதற்கு முன் வந்த ஆய்வு சொன்னது.

யாரும் எண்ணாத இரண்டாம் கட்டமும் நான்காம் கட்டமும் இவ்வளவு பெரியவை.

அப்படியானால் பழையது எல்லாம் பொய்யா?

ஒரு பெண் கேட்டாள்: "திதி, எங்கள் பாட்டி வேர் அரைத்துக் கொடுப்பாளே, அதுவும் பொய்யா?"

பழையது என்பதால் பொய் ஆகாது. பழையது என்பதால் மெய்யும் ஆகாது. சர்ப்பகந்தா என்று ஒரு செடி உண்டு. அதன் வேரைப் பாம்புக்கடிக்கும் கொடுத்தார்கள், பித்துப் பிடித்தவர்களுக்கும் கொடுத்தார்கள். 1931-இல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். ரத்தக் கொதிப்பு குறைந்தது. 1949-இல் பம்பாயில் வகீல் என்ற மருத்துவர் பல நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, வெளியிட்டார். பிறகு உலகமே அதை எடுத்துக்கொண்டது. பாம்புக்கடிக்கு அது பயன்படும் என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை. ரத்தக் கொதிப்புக்குக் காட்டியது. ஒரே வேர்தான். பாட்டி சொன்னதில் ஒன்று நின்றது, ஒன்று நிற்கவில்லை.

பாம்புக்கல்லும் சோதனைக்குப் போனது. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கல்லை இத்தாலியில் ரெடி என்பவர் சோதித்தார். 1671-இல் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். கல்லால் பயன் இல்லை. காயத்தில் கல் ஒட்டுவது உண்மை. சுட்ட எலும்பில் நுண்ணிய துளைகள் இருக்கும், ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். ஈரமான உதட்டில் வைத்தாலும் ஒட்டும். விஷம் அதற்குள் ரத்தத்தோடு போய்விட்டிருக்கும்.

ஊசி போடுகிறவர் எல்லாம் விஞ்ஞானி என்றும் நினைக்க வேண்டாம். படிப்பு இல்லாமல் சக்தி ஊசி என்று போடுகிறவர் உண்டு. காந்த வளையல் போட்டால் மூட்டுவலி போகும், விஞ்ஞானம் நிரூபித்தது என்று விளம்பரம் வரும். வெள்ளைக் கோட்டு போட்ட படமும் இருக்கும். அங்கேயும் போய் மற்ற மூன்று கட்டம் எங்கே என்று கேட்கலாம். கேட்டால் ஓஜாவுக்கு வராத கோபம் கடைக்காரருக்கு வரும்.

மையத்தின் சுவர்

மறுநாள் அந்த மையத்திலிருந்து ஐந்து பேர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்து போனார்கள். பெரியவரும் போனார். பாம்புக்கடி மருந்து இருக்கிறதா, எத்தனை புட்டி இருக்கிறது, இரவில் யார் இருப்பார்கள் என்று கேட்டார்கள். முதலில் போடுவதற்கே 8 முதல் 10 புட்டி வரை வேண்டியிருக்கும் என்று நர்ஸ் சொன்னார். அங்கே 12 இருந்தன. மூச்சு நின்றால் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பையையும் காட்டினார். கட்டுவிரியன் கடித்தவருக்கு அந்தப் பைதான் பெரிய ஆஸ்பத்திரி போகும் வரை உயிர் என்றார்.

திரும்பி வந்து மையத்தின் வெளிச்சுவரில் எழுதினார்கள். ஆளுக்கு ஒரு வரி. எழுத்து கோணல்தான். தூரத்திலிருந்து படிக்க முடிந்தது.

பாம்பு கடித்தால் ஓட வேண்டாம். உட்கார வையுங்கள்.
கடித்த கையையோ காலையோ குச்சி வைத்துக் கட்டி அசையாமல் வையுங்கள்.
இறுக்கிக் கயிறு கட்ட வேண்டாம். கீற வேண்டாம். உறிஞ்ச வேண்டாம்.
மோதிரம், வளையல், கொலுசு கழற்றுங்கள்.
பாம்பைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.
மருந்து இருக்கும் இடம்: ஆரம்ப சுகாதார நிலையம், 6 கிலோமீட்டர்.
வண்டி: டீக்கடைக்காரர் வேன். இரவிலும் வரும்.

பெரியவர் அன்று மாலை ஓஜாவின் வீட்டுக்குப் போனார். வெகுநேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று வெளியே தெரியவில்லை. ஆனால் ஓஜா ஒன்றுக்குச் சம்மதித்தார். இனிமேல் யாராவது வந்தால் மந்திரத்தை வேனில் உட்கார்ந்து சொல்வார். வேன் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

சிறுமியின் அம்மா எழுத்துக் கற்று எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் எழுதி முடித்தபிறகு அவள் சுண்ணாம்புக் கட்டியை வாங்கினாள். சுவரின் அடியில், பிள்ளைகள் கண்ணுக்கு நேராக எழுதினாள்.

இரவில் வயிறு வலித்து, இமை தொங்கினால், கடித்த தடம் தேடாதே. உடனே கொண்டுபோ.
கொசுவலை கட்டிப் படு.